மீனைக் காட்டினாய், கடலை மறைத்தாய்

மக்கா,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உன் நலம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஊரோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டேன். அதனால் விசாரிக்கப்போவதில்லை. என் நலத்தையும் நீ கேட்க வேண்டாம். கோபமாக இருக்கிறேன். சாப்பாடு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. கோபத்துக்காகப் பட்டினி கிடக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்கே தெரியும். போனில் சொல்ல வேண்டியதுதானே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். அப்புறம் சிக்னல் போய்விடும். உனக்கு வசதியான இடமாகப் பார்த்துப் போகிற சிக்னல் அது. கடிதத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. உன் மனைவி பியூலாவும் படிக்கட்டும். உன்னோடு வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள் படிக்கட்டும். அம்மாவிடம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் படிக்கட்டும்.

முதலில் அந்தப் படத்தைப் பேசிவிடுவோம். சால்மன் மீன் ஒன்றைக் கைக்குழந்தையை ஏந்துவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, படகுத்துறையில் நின்று பல் தெரியச் சிரிக்கிறாய். "கடல்ல நானே பிடிச்சதும்மா" என்று கீழே ஒரு வரி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சங்கரன்கோவிலில் கண்மாய்க் கெண்டையைத் தவிர வேறு மீனை உயிரோடு பார்க்காத பிள்ளை, கனடாவுக்குப் போய்ச் சொந்தமாக ஒரு குட்டிப் படகு வாங்கி, கடலில் மீன் பிடிக்கிறான் என்றால் சும்மாவா? மார்க்கெட்டில் மீன்கடை அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் ஐஸ் பெட்டியை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். "வெள்ளிப் பாத்திரம் மாதிரில்லா மின்னுது சிஸ்டர்" என்றார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையிலிருந்து ரிடையர் ஆகியும் ஊருக்கு நான் இன்னும் சிஸ்டர்தான். பெண்கள் சங்கக் கூட்டத்தில் வேதபாடம் முடிந்து டீ வருவதற்குள் போன் எல்லார் கைக்கும் போய் வந்துவிட்டது. உன்னிடமும் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? "அந்த ஆரஞ்சு கலர் கோட்டு யாருதுலே? ஒனக்குத் தொளதொளன்னு இருக்கு. ஆனா கலர் நல்லாருக்கு" என்றேன். "ஃபிரெண்டோடதும்மா" என்றாய். கோட்டைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்குக் கோட்டைப் பற்றி ஒரு பதில். அதுவும் பொய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நம் சபை வழக்கம் உனக்கு மறந்திருக்காது. யார் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தாலும், எதற்காகப் படைக்கிறார்கள் என்பதைப் போதகர் ஆராதனையில் வாசிப்பார். பிள்ளை பாஸானதற்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, புது வீட்டுக்குக் குடிபோனதற்கு என்று எல்லாமே சபைக்குத் தெரிந்தாக வேண்டும். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் பெயரை விட்டுவிடுவார். காரணத்தை விடமாட்டார். அன்றைக்கும் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கடலிலே பலத்த காற்றில் படகு மூழ்கவிருந்த ஆபத்திலிருந்து தங்கள் மகனைத் தப்புவித்த தேவனுக்கு நன்றியாக, பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தார் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை" என்று வாசித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐயோ பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று பரிதாபப்பட்டேன். முகம் தெரியாத அந்தத் தாய்க்காகக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபமும் பண்ணினேன். கண்ணைத் திறந்தால் பெண்கள் பக்கம் முழுக்க என்னையே பார்க்கிறது. பக்கத்தில் இருந்த எஸ்தர் அக்கா என் முழங்கையைப் பிடித்து, "ஏட்டி, ஒம் மவன்தானே மீனு பிடிக்கப் போனான்?" என்று கேட்டாள். கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இது தறியும் பூ மார்க்கெட்டும் இருக்கிற ஊர். கடலுக்குப் போகிற பிள்ளை இந்தச் சபையில் யார் வீட்டில் இருக்கிறான் என்று யோசிக்க யாருக்கும் நேரம் பிடிக்கவில்லை. எல்லார் கையிலும் உன் படத்தை நானே கொடுத்திருந்தேனே. சபையிலேயே கடைசியாகப் புரிந்தது எனக்குத்தான். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பது மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றியதும் கேட்டேன். உன் அப்பா செய்துவைத்திருந்த வேலையின் அழகை நீ அப்படியே கேட்க வேண்டும்.

"ஏட்டி, பேரச் சொல்லவே இல்லையே!"

"பேரச் சொல்லல. கடலச் சொன்னீங்களே! இந்த ஊர்ல கடலுக்குப் போற பிள்ள எத்தன வீட்ல இருக்கான்?"

"காரணத்தச் சொல்லாம எப்படிக் காணிக்க படைக்க? சாமிட்ட போயி மறைக்க முடியுமா?"

"சாமிட்ட மறைக்கக் கூடாது. எங்கிட்ட மறைக்கலாம், என்ன?"

"அவந்தான் சொல்லக் கூடாதுன்னான். ஒனக்கு மனசு தாங்காதுன்னான். நான் என்ன செய்ய?"

அப்புறம் என் கோபத்தைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றையும் அவிழ்த்துவிட்டார். அந்தப் படகுக்கு நீ என் பெயரைத்தான் எழுதியிருக்கிறாயாம். நாங்கள் அங்கே வரும்போது காட்டி என்னை அசத்த வேண்டும் என்று வைத்திருந்தாயாம். மக்கா, நன்றாக அசத்திவிட்டாய். என் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு படகு கடலில் முங்கப் பார்த்திருக்கிறது. நான் இங்கே அந்த மீனுக்கு என்ன மசாலா போடலாம் என்று பியூலாவுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடந்ததை உன் அப்பாவிடம் பாதி, பியூலாவிடம் மீதி என்று கேட்டு வாங்கினேன். பியூலா அழுதாள். "அத்தை, நான் அன்னைக்கே சொல்லியிருப்பேன், அவங்க விடல" என்றாள். கட்டிக்கொண்டு போன பெண்ணையும் பொய் சொல்ல வைத்தாயே, அதற்குத் தனியாக உன்னைக் கேட்க வேண்டும். அன்று காலையிலேயே சின்னப் படகுகள் வெளிக்கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்திருந்ததாம். நீயும் உன்னோடு வேலை பார்க்கிற அந்த வெள்ளைக்காரப் பையனும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறீர்கள். முகத்துவாரத்தைத் தாண்டும்போதே படகு எழும்பி எழும்பி விழுந்திருக்கிறது. அப்போதும் திரும்பவில்லை. தூண்டிலைப் போட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போனீர்கள். மீன் கடித்தது. கடித்ததும் என்ன செய்தீர்கள்? எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, சுக்கானைப் பிடிக்க ஆளில்லாமல், இரண்டு பேரும் படகின் பின்பக்கம் போய் நின்றுகொண்டீர்கள். ஒருவன் கையில் தூண்டில், ஒருவன் கையில் வலை. ஆளில்லாத படகு தன்போக்கில் திரும்ப, இரண்டு பேர் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து கிடக்க, மீன் வலைக்குள் வந்த நேரமும் அலை படகுக்குள் வந்த நேரமும் ஒன்றாகிவிட்டது. முழங்கால் அளவு தண்ணீர். எஞ்சின் நின்றுவிட்டது. வாளியை வைத்து மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறீர்கள். ஊற்ற ஊற்ற அடுத்த அலை. தூரத்தில் போன ஒரு பெரிய மீன்பிடிப் படகுக்காரர்கள் உங்களைப் பார்த்து, கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தார்கள். நீ நடுங்கின நடுக்கத்தைப் பார்த்து அவர்களில் ஒருவர் கழற்றிக் கொடுத்ததுதான் அந்த ஆரஞ்சுக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு, உதடு நீலம் பாரித்து, மீனைத் தூக்கிப் பிடித்து, எனக்காகச் சிரித்திருக்கிறாய். நர்ஸ் வேலை பார்த்தவள் நான். எத்தனை உதடுகளைப் பார்த்திருப்பேன். பெற்ற பிள்ளையின் படத்தில் மீனைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், உதட்டைப் பார்க்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சிரித்திருக்கிறாய் நீ. அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது என்றதும் நீ போன் பண்ணினாய். அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். "எச்சரிக்கையக் கேட்டேல்லா, பெறவு ஏம்ல போன?" என்று கேட்டேன். "வாரம் முழுக்க பிளான் பண்ணினதும்மா. எல்லாத்தையும் ரெடி பண்ணியாச்சு. பாதி தூரம் போயிட்டு எப்படித் திரும்ப?" என்றாய். இந்தப் பதிலைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. மீன் பிடித்து வயிறு வளர்க்கிறவர்களே காற்று பலமென்றால் வலையைச் சரிபார்த்துக்கொண்டு கரையில் இருப்பார்கள். அன்றைக்கு அடுப்பு எரியாது என்று தெரிந்தும் இருப்பார்கள். உனக்கு என்ன பிழைப்புப் போயிற்று? மாதச் சம்பளம் வருகிறது. கடையில் அதே மீனைத் துண்டு போட்டுக் கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருக்கிறான். நீ போனது சனிக்கிழமைப் பொழுது போகாமல். பொழுது போகவில்லை என்பதற்காக உயிரைக் கொண்டுபோய் வைக்கிற இடமா அது? பனவடலிசத்திரத்தில் மாமா தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகினவன் நீ. கிணற்றுக்குச் சுற்றிலும் சுவர் உண்டு. ஏறி வரப் படி உண்டு. மேலே மாமா நிற்பார். நீ விழப் பார்த்த தண்ணீரில் நீச்சல் தெரிந்தவனுக்கும் கொஞ்ச நேரத்தில் குளிரில் கை கால் மரத்துப்போகும் என்று எனக்கு ஒருநாள் விளக்கிச் சொன்னதே நீதான்.

பாதி தூரம் போய்விட்டால் திரும்பக் கூடாது என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன். கரிவலம்வந்தநல்லூர் ரோட்டுத் தரைப்பாலம் நினைவுக்கு வந்தது. நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். நான் அந்தப் பக்கம் வேலை பார்த்தேன். நல்ல மழை. பாலத்துக்கு மேலே செம்மண் தண்ணீர் போகிறது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார், இறங்கிப் போய்ப் பார்த்தார், வந்து ஏறி ரிவர்ஸ் எடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் அவரைத் திட்டின திட்டு காதால் கேட்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் அவசரம். "லாரி போச்சுல்லா, நீரு ஏன் வே பயப்படுதீரு?" என்று ஒருவர் கேட்டார். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மூன்று பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிறார்கள். நடுவில் கிரிக்கெட் மட்டையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போவது நீ. கத்தினேன். மழையில் யாருக்குக் கேட்கும்? அக்கரைக்குப் போய், திரும்பி நின்று, பஸ்ஸைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினாய்.

சாயங்காலம் உன்னை வெளுத்துவிடுவது என்ற முடிவோடு வீட்டுக்கு வந்தால், உன் அப்பா தெருவில் நின்று, "பஸ்ஸே திரும்பிட்டு, எம் மவன் போயிட்டு வந்துட்டாம்லா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உனக்கு அன்று கோழிக் குழம்பு. திரும்பின டிரைவருக்குக் கிடைத்தது திட்டு. இறங்கும்போது அவரிடம், "நல்ல காரியம் செஞ்சீங்க அண்ணாச்சி" என்று சொன்னேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். நானும் குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். அந்தப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அன்று ராத்திரி அவரவர் வீட்டில் சாப்பிட்டார்கள். ஒருவர்கூட அவரை நினைத்திருக்கமாட்டார்கள். திரும்புகிறவனுக்கு யாரும் மாலை போடுவதில்லை மக்கா. அதற்காகத் திரும்பாமல் இருக்க முடியுமா? நீ அன்று கடலில் திரும்பியிருந்தால் உனக்கும் யாரும் மாலை போட்டிருக்கமாட்டார்கள். உன் கூட்டாளிப் பையன் சிரித்திருப்பான். எனக்குப் படம் வந்திருக்காது. வராமல் போகட்டுமே.

இனி அந்த வார்த்தைக்கு வருகிறேன். அம்மாவுக்கு மனசு தாங்காது! இதை நீயும் உன் அப்பாவும் போனில் பேசி முடிவு பண்ணியிருக்கிறீர்கள். யாருக்குத் தாங்காது? ஊர்க்காரர்களிடம் தாங்க முடியாத சேதியைச் சொல்லிச் சொல்லியே சர்வீஸை முடித்தவள் நான். உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ராயகிரிப் பக்கத்துப் பையன் ஒருவனை பைக் விபத்து என்று கொண்டுவந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. கொஞ்ச நேரத்தில் சொந்தக்காரர்கள் வந்தார்கள், கூட்டாளிகள் வந்தார்கள், அவன் வேலை பார்த்த கடையின் முதலாளி வந்தார். வாசலில் டீ விற்கிறவருக்கும் தெரிந்துவிட்டது. எல்லாருக்கும் கடைசியில் அவன் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். காலில் லேசான அடி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா கையில் ஒரு தூக்குவாளி. வார்டு வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்து, "சிஸ்டர், இட்லி குடுக்கலாமா? காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான்" என்று கேட்டாள். சுற்றி நின்ற ஆம்பளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. சொன்னேன். அவள் முதலில் அழவில்லை. தூக்குவாளியைக் கீழே வைக்கவும் இல்லை. சொந்தக்காரர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்து, "ஒங்க எல்லாத்துக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அவளை ஏமாற்றினவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அவள் மனசு தாங்காது என்று நினைத்தவர்கள். அவள் தாங்கினாள், தாங்காமல் எங்கே போவாள்? ஆனால் ஊரே அறிந்த ஒன்றுக்கு நடுவில் சிரித்துக்கொண்டு இட்லியோடு வந்து நிற்கவைத்ததற்காக அவள் யாரையும் மன்னித்திருக்கமாட்டாள். நான் என்றால் மன்னிக்கமாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தபோது, என் வாயிலும் அதே கேள்விதான் வந்தது. எஸ்தர் அக்காவிடம் அதைத்தான் கேட்டேன். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், அவள் பிள்ளை இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பெரிய படகு வேறு பக்கமாகப் போயிருந்தால் அந்த வித்தியாசமும் இருந்திருக்காது என்பதும் தெரியும். அப்போதும் என்னிடம் லேசான அடி என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

இதெல்லாம் முடிந்த கதை என்று விட்டுவிடலாம் என்றால், உன் அப்பா விடவில்லை. அடுத்த மாதம் எங்களுக்கு நீ டிக்கெட் போட்டிருக்கிறாய். அங்கே போனதும் அப்பாவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். நாட்டையே சுற்றிக் காட்டுவதாக என்னிடம் சொன்ன நீ, இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. இந்த மனுஷர் இப்போதே தொப்பி வாங்கிவிட்டார், கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று தூண்டில் இழுக்கிற மாதிரி கையை வளைத்துப் பார்க்கிறார். நீச்சல் தெரியாது. குற்றால அருவியில் நின்றால் கம்பியை விடமாட்டார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, இரண்டையும் நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுவார்.

"அன்னைக்கு நடந்ததக் கேட்ட பெறவுமா போகணும்?" என்று கேட்டேன்.

"நான் கரண்டுக் கம்பத்துல ஏறி எறங்குனவன்ட்டி. எனக்கா பயம்?"

"கம்பத்துல ஏறுனீங்க. பீசப் பிடுங்காம என்னைக்காவது ஏறியிருக்கீங்களா?"

லைன்மேனாக இருந்த காலமெல்லாம், கரண்ட் இல்லை என்று தெருவே கூடி நின்று கத்தினாலும், டிரான்ஸ்ஃபார்மரில் பீஸைப் பிடுங்கி மின்சாரத்தை நிறுத்தினது உறுதியாகாமல் ஏணியில் காலை வைக்காத மனுஷர் அவர். கம்பத்துக்கு உள்ள மரியாதையைக் கடலுக்குக் கொடுக்கத் தெரியவில்லை. மகன் ஓட்டுகிற படகு, அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார். நீ அவரை எப்படி நம்பவைத்திருக்கிறாயோ தெரியவில்லை. உன் மேல் இருக்கிற பாசத்தில் அவர் எதில் வேண்டுமானாலும் ஏறுவார், அது தெரிந்துதானே கூப்பிடுகிறாய்? போன தடவை உன்னோடு வந்தவன் வாளியைப் பிடித்துத் தண்ணீர் மொண்டான். உன் அப்பா என்ன செய்வார்? உன் கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் நீ எப்படி மொள்ளுவாய்?

இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிற பெற்றோர்கள் நடுவில் தங்கள் பேரில் உள்ள தப்பையும் ஒத்துக்கொள்வார்கள். நானும் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றை வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அழிக்கப் போனேன், கை வரவில்லை. அந்தச் சிரிப்பில் பாதி எனக்காகப் போட்டது. மீதி உண்மையான சந்தோஷம். உன் முகம் அப்படி இருந்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. கடல் உனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை. கடலுக்குப் போகாதே என்று நான் எழுதவும் இல்லை, இன்னொரு தடவை படித்துப் பார். எச்சரிக்கை வந்த நாளில் போகாதே. மீன் கடித்தால் ஒருவன் பிடிக்கட்டும், ஒருவன் சுக்கானை விட்டு நகரக் கூடாது. படகு எழும்பி விழ ஆரம்பித்தால், அது முதல் மீனாக இருந்தாலும் கடைசி மீனாக இருந்தாலும், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பு. போகும் முன்னே எனக்குச் சொல். வந்ததும் சொல். ஏதாவது நடந்தால் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் பயப்படுவேன். பயப்பட எனக்கு உரிமை இருக்கிறது, பத்து மாதம் சுமந்திருக்கிறேன். அந்தப் பயத்தை ஊராரிடம் கொடுத்துவிட்டு என்னைச் சிரிக்கவைக்க உனக்கு உரிமை இல்லை.

சரி என்பாய். "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் சரியை நான் நம்பவில்லை. அதனால் ஒரு முடிவு பண்ணியிருக்கிறேன், உன் அப்பாவிடமும் சொல்லியாயிற்று. அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ அவரைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போ. நானும் வருகிறேன். நானும் பியூலாவும் வீட்டில் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்கப்போவதில்லை. படகுத்துறையிலும் நிற்கமாட்டேன். படகில் ஏறுவேன். இடமில்லை என்று சொல்லாதே. என் பெயரை எழுதின படகில் எனக்கு இடமில்லை என்று நீ எந்த முகத்தோடு சொல்வாய்? எனக்கு நீந்தத் தெரியாது, ஆகவே காப்புச் சட்டை ஒன்று வாங்கி வை, என் அளவுக்கு. இரவல் கோட்டு மாதிரி தொளதொளவென்று வேண்டாம். சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். காற்று கொஞ்சம் கூடினாலும் என் முகத்தைப் பார்த்து நீ திரும்பிவிடுவாய். உன் அப்பாவுக்காகத் திரும்பமாட்டாய், உனக்காகவும் திரும்பமாட்டாய், அது எனக்குத் தெரிந்துபோயிற்று. எனக்காகத் திரும்புவாய் என்று நம்புகிறேன். அப்படியும் திரும்பாமல் போனால், அலை வருவது உங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற அதே நேரத்தில் எனக்கும் தெரியட்டும்.

அம்மா